எந்த நேரத்து விலை?

கீழப்பாவூர், தென்காசி மாவட்டத்தில் ஒரு சிறிய ஊர். பதினாறு கைகள் கொண்ட நரசிம்மர் கோவிலால் பெயர் பெற்ற ஊர். உழவுதான் ஊருக்கு உயிர்.

பக்கத்திலேயே பாவூர்சத்திரம். அங்கே பெரிய காய்கறிச் சந்தை இருக்கிறது. சுற்று வட்டாரத்தில் விளையும் தக்காளி, கத்தரிக்காய், வெண்டைக்காய், மிளகாய், வெங்காயம் எல்லாம் அங்கேதான் வந்து குவியும். அங்கிருந்து லாரி ஏறி, செங்கோட்டையைத் தாண்டி, கேரளத்துக்கும் போகும். ஓணம் பண்டிகை வந்தால் விலை ஏறும். வரத்து கூடினால் விலை இறங்கும்.

இந்த ஊரில் ஒரு விவசாயி. வயலில் தக்காளி பழுக்கத் தொடங்கி விட்டது. நாளைக்கே பறிக்கலாமா, இரண்டு நாள் பொறுக்கலாமா என்று யோசிக்கிறார். ராத்திரி சாப்பிட்டு விட்டு, செல்போனை எடுத்துப் பார்க்கிறார். "தக்காளி கிலோ 40 ரூபாய்" என்று இருக்கிறது.

உடனே பறிப்பு ஆட்களுக்குச் சொல்லி விடுகிறார். லோடு ஆட்டோவுக்கும் சொல்லி விடுகிறார். விடியற்காலையில் பறித்து, 20 பெட்டிகளில் அடுக்கி, 500 கிலோ தக்காளியைச் சந்தையில் கொண்டு போய் இறக்குகிறார்.

அங்கே விலை 28 ரூபாய்!

கிலோவுக்கு 12 ரூபாய் குறைவு. 500 கிலோவுக்கு 6 ஆயிரம் ரூபாய் குறைவு. பறிப்புக் கூலி குறையவில்லை. வண்டி வாடகை குறையவில்லை. குறைந்தது விவசாயியின் வரும்படி ஒன்றுதான்.

இந்த விவசாயியும் இந்தக் கணக்கும் உதாரணத்துக்குச் சொன்னவை. ஆனால், செல்போனைப் பார்த்து விலை தெரிந்து கொள்ளும் எந்த விவசாயிக்கும் இப்படி நேரலாம்.

யார் பொய் சொன்னது?

செல்போன் பொய் சொல்லவில்லை. 40 ரூபாய் என்பது உண்மையான விலைதான். ஆனால், அது அன்று காலை விலை. மத்தியானமே விலை இறங்கி விட்டது. இறங்கிய விலை எங்கோ ஒரு கம்ப்யூட்டரில் பதிவும் ஆகி விட்டது. விவசாயியின் கைக்கு வந்தது மட்டும் பழைய நகல்.

விலை இருந்தது. விலைக்குப் பக்கத்தில் நேரம் இல்லை. கோளாறு அங்கேதான் இருக்கிறது.

மேகத்தில் என்ன இருக்கிறது?

இப்போது எல்லாக் கணக்கும் "கிளவுட்"டில் இருக்கிறது என்கிறார்கள். கிளவுட் என்றால் மேகம். பெயரைக் கேட்டதும் வானத்தைப் பார்க்க வேண்டியது இல்லை. தரையில்தான் இருக்கிறது. பெரிய பெரிய கட்டிடங்கள். உள்ளே வரிசை வரிசையாகக் கம்ப்யூட்டர்கள். அவை சூடாகாமல் இருக்கக் குளிர்சாதனம். மின்சாரம் நின்றால் ஓடுவதற்கு ஜெனரேட்டர்.

அந்தக் கம்ப்யூட்டர்களில் இடத்தை வாடகைக்கு விடுகிறார்கள். குடோனில் மூட்டை போட்டு வைப்பது போல, கம்பெனிகளும் சர்க்கார் இலாகாக்களும் தங்கள் கணக்கை அங்கே வைக்கின்றன. இந்தியாவில் மைக்ரோசாப்ட் நிறுவனம் 2015-ல் சென்னை, புனே, மும்பை ஆகிய இடங்களில் இப்படிப்பட்ட நிலையங்களைத் திறந்தது. அமேசான் நிறுவனம் 2016-ல் மும்பையிலும், 2022-ல் ஐதராபாத்திலும் தொடங்கியது.

தென்காசி சீமைக்கு இது அன்னியமான விஷயமும் அல்ல. தென்காசிக்குப் பக்கத்தில் மத்தளம்பாறை என்ற கிராமம் இருக்கிறது. அங்கே ஜோஹோ நிறுவனத்தின் அலுவலகம் நடக்கிறது. உலகம் முழுவதும் உள்ள வியாபாரிகள் உபயோகிக்கும் கிளவுட் செயலிகளை, அங்கே உட்கார்ந்து நம் ஊர்ப் பிள்ளைகள் எழுதுகிறார்கள். அந்த நிறுவனத்தைத் தோற்றுவித்தவர்களில் ஒருவரான ஸ்ரீதர் வேம்பு, 2021-ல் பத்மஸ்ரீ விருது பெற்றவர்.

ஆகவே, கணக்கு எங்கே இருக்கிறது, எப்படி வருகிறது, ஏன் சில சமயம் பழசாக வருகிறது என்பதைக் கீழப்பாவூர் விவசாயியும் தெரிந்து கொள்வது நல்லது. அவருடைய 6 ஆயிரம் ரூபாய் அதில் இருக்கிறது.

பேரேடும் கரும்பலகையும்

ஒரு கமிஷன் கடையை எடுத்துக் கொள்ளலாம். உள்ளே கணக்கப்பிள்ளை உட்கார்ந்து இருக்கிறார். அவர் முன்னே பேரேடு. ஒவ்வொரு ஏலம் முடிந்ததும் விலையை அதில் எழுதுகிறார். அதுதான் மூலக் கணக்கு.

வாசலில் ஒரு கரும்பலகை. அதில் விலையை எழுதிப் போட்டு இருக்கிறார்கள். வருகிறவர்கள் பலகையைப் பார்த்து விலை தெரிந்து கொள்கிறார்கள். ஒரு நிமிஷம்கூட ஆகாது.

பலகை இல்லாவிட்டால் என்ன ஆகும்? வருகிற 200 பேரும் உள்ளே போவார்கள். "தக்காளி என்ன விலை? கத்தரிக்காய் என்ன விலை?" என்று கணக்கப்பிள்ளையைச் சூழ்ந்து கொள்வார்கள். அவர் பதில் சொல்வாரா, பேரேடு எழுதுவாரா? கடை நின்று போகும்.

சரி, பலகை இருக்கட்டும். பையன் பலகையை எப்போது அழித்து எழுத வேண்டும்? ஏலத்துக்கு ஏலம் ஓடி வந்து எழுதினால், பையனுக்கு வேறு வேலை ஓடாது. ஒரு மணிக்கு ஒரு தரம் எழுதினால், இடையில் வந்தவர்கள் பழைய விலையைப் பார்த்துக் கொண்டு போவார்கள்.

கிளவுட்டில் உள்ள சங்கடமும் இதுதான். அங்கே மூலக் கணக்கு ஓர் இடத்தில் இருக்கும். அதன் நகல்கள் பல இடங்களில் இருக்கும். ஒரு நிலையத்தில் தீப்பிடித்தாலும் கணக்கு அழியக் கூடாது என்பதற்காகச் சில நகல்கள். கேட்டவுடன் பதில் சொல்ல வேண்டும் என்பதற்காகச் சில நகல்கள். மூலத்தில் எழுதியது நகலுக்கு வந்து சேரச் சிறிது நேரம் ஆகும். சில சமயம் கண் இமைக்கும் நேரம். சில சமயம் பல நிமிஷம். "ஒரு மணி நேரத்துக்கு ஒரு தரம் மாற்றினால் போதும்" என்று எழுதி வைத்து விட்டால், ஒரு மணி நேரம்.

பதில் சீக்கிரம் வர வேண்டுமானால், பக்கத்தில் உள்ள நகலைப் பார்க்க வேண்டும். பதில் புதியதாக இருக்க வேண்டுமானால், மூலத்தைப் போய்ப் பார்க்க வேண்டும். இரண்டும் முழுமையாக வேண்டும் என்றால் நடக்காது.

ஒளியும் ஓடித்தான் ஆக வேண்டும்

"விஞ்ஞானம் இவ்வளவு வளர்ந்த பிறகுமா?" என்று கேட்கலாம்.

செய்தி, கண்ணாடி இழை வழியாக ஒளியாகப் போகிறது. கண்ணாடி இழையில் ஒளியின் வேகம் செகண்டுக்குச் சுமார் 2 லட்சம் கிலோ மீட்டர். தென்காசிக்கும் மும்பைக்கும் நேர்க் கோட்டில் சுமார் 1,200 கிலோ மீட்டர். போய்த் திரும்ப 2,400. ஒரு செகண்டை ஆயிரமாகப் பங்கு போட்டால், அதில் 12 பங்கு நேரம் ஆகும். அது பெரிதல்ல.

மூலக் கணக்கு அமெரிக்காவில் உள்ள வர்ஜீனியாவில் இருந்தால்? அங்கே பெரிய கிளவுட் நிலையங்கள் இருக்கின்றன. தூரம் சுமார் 14 ஆயிரம் கிலோ மீட்டர். போய்த் திரும்ப 28 ஆயிரம். ஆயிரத்தில் 140 பங்கு ஆகும். அதாவது, செகண்டில் ஏழில் ஒரு பங்கு. ஒரு பக்கத்தைத் திறப்பதற்கு, ஒன்றன் பின் ஒன்றாக 20 கேள்வி கேட்க வேண்டி இருந்தால், ஏறக்குறைய மூன்று செகண்டு போய் விடும். கம்பி நேர்க் கோட்டில் போவது இல்லை; வழியில் நின்று நின்றும் போகிறது. ஆகையால் உண்மையில் இதைவிடக் கூடவே ஆகும்.

எவ்வளவு பணம் கொட்டினாலும் ஒளியை இதற்கு மேல் விரட்ட முடியாது. ஆகவேதான் பக்கத்தில் நகல் வைக்கிறார்கள்.

விஞ்ஞானிகள் கண்ட விதி

அமெரிக்காவில் பெர்க்லி நகரில் உள்ள கலிபோர்னியா பல்கலைக் கழகத்தில் எரிக் புரூவர் என்று ஒரு பேராசிரியர். அவர் 2000-ம் ஆண்டில் ஒரு விதியைச் சொன்னார். 2002-ல் கில்பர்ட், நான்சி லிஞ்ச் என்ற இருவர் அது சரி என்று கணித முறைப்படி நிரூபித்தார்கள்.

விதியைப் புரிந்து கொள்வது கஷ்டம் அல்ல. ஒரே முதலாளிக்குப் பாவூர்சத்திரத்தில் ஒரு கடை, தென்காசியில் ஒரு கடை. குடோன் ஒன்றுதான். இரண்டு கடைக்காரர்களும் டெலிபோனில் பேசிப் பேசிக் கணக்கை ஒன்றாக வைத்துக் கொள்கிறார்கள். குடோனில் கடைசியாக 10 மூட்டை வெங்காயம் இருக்கிறது. அந்தச் சமயத்தில் டெலிபோன் கம்பி அறுந்து விட்டது. ஒரு வியாபாரி வந்து, "10 மூட்டையும் எனக்கு" என்கிறார்.

கடைக்காரர் என்ன செய்யலாம்? "டெலிபோன் சரியாகட்டும், பிறகு சொல்கிறேன்" என்று வியாபாரியைக் காக்க வைக்கலாம். கணக்கு தப்பாது, வியாபாரி கோபித்துக் கொண்டு போவார். அல்லது, விற்று விடலாம். வியாபாரிக்குத் திருப்தி, ஆனால் தென்காசிக் கடைக்காரரும் அதே 10 மூட்டையை விற்று இருந்தால்? மூன்றாவது வழி கிடையாது. இதுதான் புரூவர் சொன்ன விதியின் சாரம்.

கம்பி அறுந்தால்தான் இந்தத் தொல்லை என்பது இல்லை. டெலிபோன் நன்றாக இருக்கும்போதும், ஒவ்வொரு விற்பனைக்கும் கூப்பிட்டுக் கேட்டால் நேரம் ஆகும். கேட்காமல் விற்றால் கணக்கு பிசகும். இதை டேனியல் அபாதி என்ற விஞ்ஞானி 2012-ல் ஒரு கட்டுரையில் எடுத்துக் காட்டினார்.

இரட்டை விலை

இந்த விதியைத் தெரிந்து கொண்டுதான் பெரிய கம்பெனிகள் கடை நடத்துகின்றன.

அமேசான் நிறுவனத்தின் என்ஜினீயர்கள் 2007-ல் ஒரு கட்டுரை வெளியிட்டார்கள். தங்கள் கடையில் ஜனங்கள் சாமான் சேர்க்கும் கூடை, எந்த நேரமும் வேலை செய்ய வேண்டும் என்று முடிவு செய்தார்கள். அதனால் சில சமயம் ஒரே கூடைக்கு இரண்டு கணக்கு உண்டாகும். இரண்டையும் ஒன்றாகச் சேர்த்து விடுவார்கள். அப்போது, வேண்டாம் என்று எடுத்துப் போட்ட சாமான் மறுபடியும் கூடைக்குள் வந்து விடலாம். "வரட்டும், வாங்குகிறவர் மீண்டும் எடுத்துப் போட்டு விடுவார். ஆனால் கூடை நின்று போகக் கூடாது" என்பது அவர்கள் கணக்கு. கூடைக்கு அது சரிதான்.

அதே நிறுவனம் 2012-ல் டைனமோ டி.பி. என்ற தகவல் களஞ்சியத்தை வாடகைக்கு விட்டது. அதில் சாதாரணமாகக் கேட்டால், சற்றுப் பழைய கணக்கு வரக்கூடும். "கடைசியாக எழுதியதையே கொடு" என்றும் கேட்கலாம். அப்படிக் கேட்டால், படிப்பதற்குப் பிடிக்கும் கணக்கு இரண்டு மடங்கு! புதிய தகவலுக்கு விலை கூட என்பது இதிலிருந்தே தெரியும்.

மைக்ரோசாப்ட் நிறுவனம் 2017-ல் காஸ்மாஸ் டி.பி. என்பதைக் கொண்டு வந்தது. அதில் ஐந்து படிகள் இருக்கின்றன. மேல் படியில் எப்போதும் புதிய கணக்கு. கீழ்ப் படியில், "என்றாவது வந்து சேரும்" என்ற கணக்கு. நடுவில் ஒரு படி: "பழசாக இருக்கலாம், ஆனால் இத்தனை செகண்டுக்கு மேல் பழசாக இருக்கக் கூடாது" என்று எல்லை போடலாம்.

கூகுள் நிறுவனம் ஸ்பேனர் என்ற தகவல் களஞ்சியத்தைப் பற்றி 2012-ல் வெளியிட்டது. அதற்காக நிலையங்களில் அணுக் கடிகாரங்களையும், செயற்கைக் கோளில் இருந்து நேரம் வாங்கும் கருவிகளையும் வைத்தார்கள். அப்படியும் கடிகாரங்களுக்குள் கடுகளவு வித்தியாசம் இருக்கும். அந்தச் சந்தேகம் தீரும் வரையில், எழுதியதை வெளியில் சொல்லாமல் சிறிது காத்திருக்கும்படி செய்தார்கள். அணுக் கடிகாரம் வைத்தவர்களும் காத்திருக்கத்தான் வேண்டி இருக்கிறது!

ரெயில் காட்டும் வழி

தூர தேசத்துக்குப் போக வேண்டாம். நம் ரெயில்வேயிலேயே நல்ல பாடம் இருக்கிறது.

கம்ப்யூட்டர் வருவதற்கு முன்பு, இடம் பதிவு செய்யப் பெரிய பெரிய நோட்டுப் புத்தகங்கள் இருந்தன. வழியில் உள்ள ஸ்டேஷன்களுக்கு இத்தனை இடம் என்று ஒதுக்கி வைப்பார்கள். ஒதுக்கீட்டுக்குள் இருந்தால் அங்கேயே கொடுப்பார்கள். அதற்கு மேல் வேண்டுமானால் பெரிய ஸ்டேஷனைக் கேட்டுத்தான் கொடுக்க முடியும்.

1986-ல் டில்லியில் கம்ப்யூட்டர் பதிவு வந்தது. பிறகு டில்லி, மும்பை, கொல்கத்தா, சென்னை, செகந்திராபாத் ஆகிய ஐந்து நிலையங்களின் கணக்கையும் 1999-ல் ஒன்றாக இணைத்தார்கள். 2002 ஆகஸ்டில் வீட்டில் இருந்தே இன்டர்நெட்டில் டிக்கெட் எடுக்கும் வசதி வந்தது. நிமிஷத்துக்கு 2 ஆயிரம் டிக்கெட் கொடுக்கும் ஏற்பாட்டை, 7,200 டிக்கெட் கொடுக்கும்படி பெருக்கப் போவதாக, 2014-ம் ஆண்டு ரெயில்வே பட்ஜெட்டில் சொன்னார்கள்.

கீழப்பாவூரில் இருந்து சென்னைக்குப் போகிறவர்கள், தென்காசியில் பொதிகை எக்ஸ்பிரசில் ஏறுவது வழக்கம். பொங்கலுக்கும் தீபாவளிக்கும் அதில் இடம் கிடைப்பது குதிரைக் கொம்பு. காலை 10 மணிக்கு ஏ.சி. வகுப்புக்குத் தட்கல் திறக்கும். 11 மணிக்கு மற்ற வகுப்புகளுக்குத் திறக்கும். அந்த நேரத்தில் எத்தனை ஆயிரம் விரல்கள் ஒரே பித்தானை அழுத்துகின்றன!

"எத்தனை இடம் காலி?" என்று பார்க்கிறவர்கள் அதிகம். டிக்கெட் எடுக்கிறவர்கள் குறைவு. பார்க்கிறவர்களுக்கு நகலைக் காட்டலாம். அதில் 5 இடம் என்று இருந்து, உண்மையில் 3 இடம்தான் இருந்தாலும், குடி முழுகிப் போகாது. ஆனால், பணத்தை வாங்கி, இன்ன பெட்டியில் இன்ன இடம் என்று கொடுக்கும்போது, நகல் உதவாது. மூலப் பேரேட்டைப் பார்த்து, ஒருவருக்கு எழுதி முடித்த பிறகுதான் அடுத்தவருக்கு எழுத வேண்டும். அதற்குக் கொஞ்சம் நேரம் ஆனாலும் பொறுக்கலாம். ஒரே படுக்கையை இருவருக்குக் கொடுத்தால், எழும்பூரில் இருந்து செங்கோட்டை வரை சண்டைதான்!

ரெயில் டிக்கெட் எடுக்க உதவும் சில செயலிகள் இன்னொரு நல்ல காரியமும் செய்கின்றன. காலி இடத்தைக் காட்டும்போது, அது எத்தனை நேரத்துக்கு முன்பு பார்த்த கணக்கு என்பதையும் கீழே சிறிதாகப் போடுகின்றன. அந்த ஒரு வரி, பழைய கணக்கை நேர்மையான கணக்காக ஆக்கி விடுகிறது.

2016-ல் வந்த யு.பி.ஐ. முறையிலும் இதைப் பார்க்கலாம். டீக்கடையில் பணம் அனுப்பும்போது, போய்ச் சேர்ந்ததா இல்லையா என்று உறுதி தெரியாவிட்டால், "நிலுவை" என்று காட்டுகிறது. போனது என்றும் சொல்லாது. போகவில்லை என்றும் சொல்லாது. கேட்பவருக்கு எரிச்சலாக இருக்கும். ஆனாலும் அது யோக்கியமான பதில்.

அருவியும் பழைய படமும்

சில விஷயத்தில் பழைய தகவல் பண நஷ்டத்தோடு போகாது.

சாரல் காலத்தில் குற்றாலத்துக்கு நாலா பக்கத்தில் இருந்தும் ஜனங்கள் வருகிறார்கள். புறப்படும் முன் எல்லோரும் கேட்கும் கேள்வி, "அருவியில் தண்ணீர் எப்படி? குளிக்க விடுகிறார்களா?" என்பதுதான். காலையில் எடுத்த படம் சாயங்காலம் வரையில் செல்போன்களில் சுற்றிக் கொண்டு இருக்கும். படத்தில் தண்ணீர் நூல் பிடித்தது போல விழும். ஆனால் அதற்குள் மலையில் மழை பெய்து இருக்கலாம்.

2024-ம் ஆண்டு மே 17-ந் தேதி பழைய குற்றாலத்தில் திடீர் என்று வெள்ளம் வந்தது. குளித்துக் கொண்டு இருந்தவர்கள் அலறி அடித்துக் கொண்டு ஓடினார்கள். 17 வயது மாணவர் ஒருவர் வெள்ளத்தில் அடித்துச் செல்லப்பட்டு உயிர் இழந்தார்.

அந்தத் துயரத்துக்கு எந்தக் கம்ப்யூட்டரும் காரணம் அல்ல. மலை வெள்ளம் அப்படி வரும். ஆனால், அது ஒரு விஷயத்தைத் தெளிவாகக் காட்டுகிறது. அருவியைப் பொறுத்த வரையில், பத்து நிமிஷத்துக்கு முந்திய "அனுமதி உண்டு" என்ற செய்திக்குப் பத்து நிமிஷத்துக்குப் பிறகு மதிப்பு இல்லை. அப்படிப்பட்ட செய்தியை நகலில் வைத்து, வேகமாகக் காட்டுவதைவிட, காட்டாமலே இருப்பது மேல்.

மெதுவும் குற்றமே

"அப்படியானால், எல்லாவற்றையும் மூலத்தில் இருந்தே கொடுத்து விடலாமே?" என்று சிலர் சொல்லலாம். அதுவும் சரியல்ல.

வயல்காட்டில் நிற்பவருக்குச் சிக்னல் முழுதாகக் கிடைப்பது இல்லை. ஒரு கோடு வரும், போகும். பக்கம் திறக்காமல் வட்டம் சுற்றிக் கொண்டே இருந்தால், அவர் செல்போனை மடியில் கட்டிக் கொண்டு, தரகர் சொல்லும் விலைக்கே தலையாட்டுவார். பதில் எவ்வளவு புதியதாக இருந்தும் என்ன பயன்? வந்து சேராத உண்மை, ஊருக்கு உதவாது.

மேலும், எல்லோரையும் மூலத்துக்கு விட்டால், பேரேடு எழுதுவதே நின்று போகும். செலவும் ஏறும். அந்தச் செலவு கடைசியில் யார் தலையில் விடியும் என்பது சொல்லாமலே தெரியும்.

ஊரின் பெயர், சந்தை இருக்கும் இடம், போன மாதத்து விலை, கோவில் நடை திறக்கும் நேரம் இவை எல்லாம் நகலில் இருந்து நொடியில் வரட்டும். அவை ஒரு நாள் பழசானாலும் யாருக்கும் நஷ்டம் இல்லை.

ஆகவே, கேட்க வேண்டிய கேள்வி ஒன்றுதான்: "தகவல் பழசாக இருந்தால், நஷ்டம் யாருக்கு?"

இந்தக் கேள்வியைக் கம்பெனிகள் தங்கள் லாபத்தை வைத்துத்தான் இப்போது கேட்டுக் கொள்கின்றன. பக்கம் மெதுவாகத் திறந்தால், வாடிக்கைக்காரர் போய் விடுவார். அது கம்பெனிக்கு நஷ்டம். ஆகையால் வேகத்துக்கு மெனக்கெடுகிறார்கள். விலை பழசாக இருந்தால், நஷ்டம் விவசாயிக்கு. அது கம்பெனியின் பேரேட்டில் ஏறுவது இல்லை. தராசு ஒரு பக்கம் சாய்வதற்கு இதுதான் காரணம்.

செய்ய வேண்டியது என்ன?

மத்திய சர்க்கார் 2016 ஏப்ரல் 14-ந் தேதி "இ-நாம்" என்ற தேசிய வேளாண் சந்தையைத் தொடங்கியது. தமிழக சர்க்கார் 2018-ல் "உழவன்" செயலியைக் கொண்டு வந்தது. விலையை விவசாயியின் கையில் கொண்டு வந்து கொடுத்தது பெரிய காரியம். அதை யாரும் குறைத்துச் சொல்ல முடியாது. அதற்கு அடுத்த படியைத்தான் இனி ஏற வேண்டும்.

முதலாவது: சர்க்கார் ஆகட்டும், தனியார் ஆகட்டும், மாறக் கூடிய எந்த எண்ணைக் காட்டினாலும், அது எந்தத் தேதி, எந்த நேரத்துக் கணக்கு என்பதைப் பக்கத்திலேயே போட வேண்டும். மூலையில் பொடி எழுத்தில் அல்ல. விலை எந்த அளவில் இருக்கிறதோ, அந்த அளவில் போட வேண்டும். இதற்கு அணுக் கடிகாரம் வேண்டாம். பெரிய செலவும் இல்லை.

இரண்டாவது: உயிர், பணம், கடைசிச் சரக்கு இந்த மூன்றும் சம்பந்தப்பட்ட இடத்தில், முடிவான பதிலை மூலத்தில் இருந்தே கொடுக்க வேண்டும். இரண்டு செகண்டு தாமதம் ஆனாலும் பாதகம் இல்லை.

மூன்றாவது: மற்ற விஷயங்களுக்கு, பட்டிக்காட்டுச் சிக்னலிலும் நொடியில் திறக்கும்படி நகல்களை வைக்க வேண்டும்.

நான்காவது: மூலத்தை எட்ட முடியாத சமயத்தில், பழைய எண்ணைப் புதிய எண் போலக் காட்டக் கூடாது. "இப்போது தெரியவில்லை, கடைசியாகத் தெரிந்தது இத்தனை மணிக்கு" என்று சொல்ல வேண்டும். தெரியவில்லை என்று சொல்வது கேவலம் அல்ல. தெரிந்தது போல நடிப்பதுதான் கேவலம்.

விவசாயிகளும் ஒன்றைப் பழக்கமாக்கிக் கொள்ள வேண்டும். பால் வாங்கும்போது, "எப்போது கறந்தது?" என்று கேட்கிறார்கள். மீன் வாங்கும்போது செவுளைத் தூக்கிப் பார்க்கிறார்கள். செல்போனில் விலை பார்க்கும்போதும், "இது எந்த நேரத்து விலை?" என்று கேட்க வேண்டும். நேரம் போடாத விலையை நம்பி வண்டிக்குச் சொல்லக் கூடாது.

மத்தளம்பாறையிலும் சென்னையிலும் உட்கார்ந்து செயலி எழுதும் இளைஞர்களில் பலர், இப்படிப்பட்ட கிராமங்களில் பிறந்தவர்கள். தகப்பனார் தக்காளிக் கூடையோடு சந்தையில் நின்றதைப் பார்த்து வளர்ந்தவர்கள். "எத்தனை நேரம் வரையில் பழைய நகலைக் காட்டலாம்?" என்ற எண்ணை எழுத வேண்டியவர்கள் அவர்கள்தான். அந்த எண்ணை எழுதும்போது, விடியற்காலையில் லோடு ஆட்டோவுக்கு அருகில் நிற்கும் அந்த மனிதரை ஒரு நிமிஷம் நினைத்துப் பார்த்தால் போதும்.

பழைய விலையைச் சொல்வது தப்பு அல்ல. பழையது என்று சொல்லாமல் சொல்வதுதான் தப்பு.